அத்தை யாருக்குக் கையாட்டினார்?

2025 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு. புதுச்சேரி ஒயிட் டவுனில் ஓர் உணவகம். நாத்தனார் மகனுக்குப் பிறந்தநாள். போன வருடம் அவர்கள் செலவு, இந்த வருடம் என் முறை. சாப்பிட்டு முடித்ததும் சோம்பும் கல்கண்டும் வைத்த சின்னக் கிண்ணத்தோடு தோல் உறைக்குள் பில் வந்தது. அதற்கு முன்பே மேசையில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. “இங்கெல்லாம் சர்வீஸ் சார்ஜ் போட்டுவிடுவார்கள் தங்கச்சி, பார்த்துக் கொடுங்கள். அது இருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை” என்றார் நாத்தனாரின் கணவர். நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. “பிள்ளை பிறந்தநாளில் நூறு இருநூறுக்குக் கணக்குப் பார்ப்பதா? அந்தப் பையன் எத்தனை தடவை நடந்தான், பாவம்” என்றாள். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். புதுச்சேரியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக மற்றவர்களின் பில்லைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. வழக்கைத் தீர்த்துவைக்கலாம் என்று உறையைத் திறக்கப் போனபோது கைபேசி அதிர்ந்தது. ‘ஹால்: அசைவு தென்பட்டது.’

எங்கள் வீடு கடலூர் வண்டிப்பாளையத்தில். கணவர் மஸ்கட்டில், மகள் சென்னையில் விடுதியில். வீட்டில் நானும் மாமியாரும்தான். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹாலிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறார். நான் வேலைக்குப் போய்த் திரும்பும் பத்து மணி நேரத்தில் அவர் எங்காவது விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பரணுக்குக் கீழே ஒரு சுழலும் கேமரா மாட்டியிருந்தோம். தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார் என்று நினைத்துச் செயலியைத் திறந்தேன். அத்தை கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். படம் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. கட்டில் போய் ஜன்னல் வந்தது, ஜன்னல் போய் அலமாரி வந்தது, பிறகு திரும்பவும் கட்டிலுக்கு வந்து நின்றது. அசைவைத் தானாகப் பின்தொடரும் வசதி அதில் உண்டு. ஆனால் அதை முதல் வாரமே அணைத்திருந்தேன். என் விரல் திரையைத் தொடவே இல்லை. அத்தை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார், சிரித்தார், கையாட்டினார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. உறைக்குள் நாலாயிரம் ரூபாயை வைத்து மூடினேன். பில்லைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அத்தையின் மகள். “உன் அம்மாவை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கேமராவை மாட்டியது நான்” என்று கேக் வெட்டிய மேசையில் எப்படிச் சொல்வது? பேருந்து நிலையம் வந்து கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அத்தையைக் கூப்பிட்டேன். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டு, “ஏன்மா, நீதானே திருப்பினாய்?” என்று கேட்டார். “இல்லை அத்தை” என்றேன். “தினமும் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு ஒருமுறை ‘கிர்’ என்று திரும்பும். சமையலறையில் இருந்துகொண்டே என்னைப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் கையாட்டுவேன்.” எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆடிப்பூரத்துக்கு முன்பிருந்தே என்றார். அரியாங்குப்பம் பாலம், தவளக்குப்பம், முள்ளோடை எல்லாம் கடந்து போயின. பஸ்ஸில் ஒரு பெண் தன் குழந்தைக்கு மாதுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அத்தை எங்கே புடவை மாற்றுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் மடங்காததால் அறைவரை நடக்கமாட்டார். ஹாலில், கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் மாற்றுவார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்பு அத்தை என்னிடம், “அந்தக் கண் திரும்புகிறது” என்று சொன்னார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, “அதன் வேலையே அதுதான் அத்தை” என்று சொல்லிவிட்டேன். பணத்தைவிட இன்றைக்கும் உறுத்துவது அந்தப் பதில்தான். வீட்டில் கேமராவோடு நாள் முழுக்க இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள்; வெளியில் இருந்து பார்க்கிற நமக்குப் படம் தெரியும், கேமராவின் தலை திரும்புவது தெரியாது.

கேமரா வந்த கதை 2024 நவம்பர் கடைசியில் தொடங்குகிறது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கடலூரில் பாதிப் பேர் வீட்டுக்குள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், எங்கள் கொல்லையில் இருந்த மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொங்கலுக்கு முன்பு கேமரா மாட்டியாக வேண்டும் என்று கணவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தெரிந்தவர் ஒருவர் ஒரு கடையைச் சொன்னார். வெளியில் நான்கு கேமரா, அவற்றின் படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டி எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். ஹாலுக்கு வைஃபை கேமரா மெமரி கார்டோடு 2,600. ஆக 21,600. “பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் சேரும் அக்கா, எஸ்டிமேட் போதுமா?” என்று கடைக்காரர் கேட்டார். நாள் முழுக்க ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற நான், 3,888 ரூபாய் மிச்சம் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, போதும் என்றேன். ஒரு துண்டுத் தாளில் தொகை எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர்கூட அதில் இல்லை.

மாட்ட வந்த தம்பி நல்ல பையன். வெயிலில் ஏணி மேல் நின்று சுவரைத் துளைத்தான், ஒயரை அழகாகக் குழாய்க்குள் விட்டான், துளைத்த மண்ணைத் துடைப்பம் கேட்டு வாங்கிக் கூட்டிவிட்டும் போனான். “போனைக் கொடுங்கள் அக்கா, நானே போட்டுத் தருகிறேன்” என்று என் கைபேசியை வாங்கி ஐந்து நிமிடத்தில் படம் வரவைத்தான். அவன் கைபேசியில் முதலில் ஏதோ செய்துவிட்டு என்னுடையதில் ஒரு குறியீட்டைக் காட்டிப் படம்பிடித்ததைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பானோ என்று விட்டுவிட்டேன். கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, “சாப்பிட்டுவிட்டுப் போப்பா” என்று அனுப்பினேன். ஐந்நூறு கொடுத்த திருப்தியில், பாஸ்வேர்டு என்ன, கணக்கு யார் பெயரில் என்ற இரண்டு கேள்வி தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டன.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது. இப்படிப்பட்ட கேமராக்களை முதலில் எந்தக் கணக்கில் சேர்க்கிறோமோ அந்தக் கணக்குதான் அதன் உரிமையாளர். மற்றவர்களுக்கு அவர் ‘பகிர்ந்து’ கொடுக்கலாம். அவன் கடையின் சர்வீஸ் கைபேசியில் இருந்த கணக்கில் கேமராக்களைச் சேர்த்துவிட்டு எனக்குப் பகிர்ந்திருக்கிறான். என் வீட்டுக் கேமராவுக்கு நான் விருந்தாளி. செயலியில் கேமராவின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘பகிரப்பட்டது’ என்றும், நடுவில் நட்சத்திரக் குறிகள் போட்டு மறைத்த ஒரு எண்ணும் எட்டு மாதமாக என் கண்ணெதிரே இருந்தன. விருந்தாளியால் கேமராவைத் திருப்பமுடியும், பார்க்கமுடியும். வேறு யார் பார்க்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்க்கமுடியாது, யாரையும் நீக்கவும் முடியாது. உங்கள் வீட்டிலும் கேமரா இருந்தால் இதைப் படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, செயலியைத் திறந்து அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள். ‘பகிரப்பட்டது’ என்று இருந்தால் உரிமையாளர் வேறு யாரோ.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். மாட்டிய தம்பி வேலையை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. “சர்வீஸ் போனில் எல்லா வீட்டுக் கேமராவும் இருக்கும் அக்கா, ரிப்பேர் என்று கூப்பிட்டால் இங்கிருந்தே பார்க்க வசதி” என்று கடைக்காரர் சர்வசாதாரணமாகச் சொன்னார். அந்தக் கைபேசி இரவில் யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்த பையன் வீட்டுக்கு எடுத்துப் போவானாம். அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது: “ஹால்தானே அக்கா, பார்த்தால் என்ன?” எனக்குக் கோபத்தில் அழுகை வரும்; அது ஒரு தொல்லை. அன்று அழவில்லை. அந்தக் கைபேசியை வரவழைத்து, என் கண் முன்னால் நீக்கினால்தான் எழுந்திருப்பேன் என்று இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். கைபேசி வந்தது. செயலியைத் திறந்ததும் தெருப்பெயர் தெருப்பெயராக வரிசை. விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. சிறு படங்களில் வாசல்கள், மாடிப்படிகள், ஒரு தொட்டில், ஒரு பூஜை அறை. அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது. அந்த வரிசையில் ‘வண்டிப்பாளையம் பாட்டி வீடு’ என்று எங்கள் பெயர் இருந்தது.

இங்கே நான் செய்த பெரிய தவறைச் சொல்லவேண்டும். அவர் நீக்கியதும் விட்டது பீடை என்று கிளம்பி வந்துவிட்டேன். அந்தத் திரையை ஒரு படம் எடுத்திருக்கவேண்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதிந்தபோதும், அதையொட்டி நேரில் பேசியபோதும், முதலில் கேட்டது ஆதாரம். என்னிடம் இருந்தது அத்தை சொன்ன சாட்சியும் என் நினைவும்தான். கேமராவுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வீடு வந்ததும் ரீசெட் வேறு செய்து, அதில் என்ன தடயம் இருந்ததோ அதையும் நானே துடைத்துவிட்டேன். சட்டம் இல்லாமல் இல்லை. அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம்பிடிப்பதற்கும் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66இ (66E) பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. ஒரு பெண்ணை அவள் அறியாமல் அந்தரங்கத்தில் பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் வருகிறது. ஆனால் எந்தப் பிரிவும் நம் கையில் இருக்கும் தாளைக் கொண்டுதான் நகரும். சந்தேகம் வந்தவுடன் முதலில் செய்யவேண்டியது: இன்னொரு கைபேசியில் அந்தத் திரையைப் படம் எடுங்கள், தேதி நேரம் தெரியும்படி. பகிர்வுப் பட்டியல், உள்நுழைந்த சாதனங்களின் பட்டியல், கேமராவின் வரிசை எண், எல்லாவற்றையும் எடுங்கள். அதன் பிறகு சுவிட்சை அணையுங்கள். ரீசெட் கடைசியில்தான். உதவிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணமோசடிக்கு மட்டும்தான் அது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியல்ல.

ரீசெட் செய்தும் ஹால் கேமரா என் கணக்கில் சேரவில்லை. ‘இது வேறு கணக்கில் பதிவாகியுள்ளது’ என்றே சொன்னது. கடைக்காரர் நீக்கியது வெளிக்கேமராக்களின் பெட்டியை மட்டும். ஹால் கேமரா கடைக் கணக்கிலோ அந்தப் பழைய தம்பியின் சொந்தக் கணக்கிலோ இன்னும் சிக்கிக்கிடந்தது. பல தயாரிப்புகளில் ரீசெட் பொத்தானை ஊசிமுனையால் பத்து நொடி அழுத்தினால் கேமரா தன் வைஃபையை மறக்கும். ஆனால் நிறுவனத்தின் சர்வரில் அது யார் பெயரில் இருக்கிறதோ அது மாறாது. திருடிக்கொண்டு போனவன் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, என்னையே திருடனாக நிறுத்தியது. நிறுவனத்தின் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணின் படமும் வாங்கிய பில்லும் அனுப்பினால் பெயரை விடுவித்துத் தருவார்களாம். பில். நான் 3,888 ரூபாய் மிச்சம் பிடித்த அந்தப் பில். மூன்று முறை கூப்பிட்டுக் கெஞ்சியும் பயனில்லை, அவர்கள் பக்கம்தான் நியாயம். அந்தக் கேமரா இப்போது அலமாரிக்கு மேல் காகிதத்தில் சுற்றிக் கிடக்கிறது, மெமரி கார்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

வெளியில் இருந்த நான்கு கேமராவைச் சரிசெய்ய அலுவலகத்தில் கணினி பார்க்கும் ஒருவரை 1,500 ரூபாய் கொடுத்துக் கூட்டிவந்தேன். பதிவுப் பெட்டியின் பாஸ்வேர்டு கடையின் பெயரோடு 123. அந்தக் கடை மாட்டிய எல்லா வீட்டுக்கும் அதுதான் என்று அவர் சிரித்தபடியே சொன்னார். இது சிரிக்கிற விஷயமல்ல என்பதற்கு அவரே உதாரணமும் சொன்னார். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளுக்குள் திருட்டுத்தனமாகப் புகும் மென்பொருள்), ஆலையில் இருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளின் ஒரு சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அவற்றை ஏவிவிட்டு அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே சில மணி நேரம் முடக்கினார்கள். நம் நாட்டிலும் 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே போய் விற்பனைக்கு வந்தது தெரியவந்தது. அங்கே இருந்த பாஸ்வேர்டு ‘அட்மின்123’ என்று செய்தியில் படித்தேன்.

அவர் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன், ஏனென்றால் அடுத்த முறை இதற்கு ஆள் தேடக்கூடாது. பெட்டியில் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினார். அதோடு நிற்காமல் பயனர் பட்டியலைத் திறந்து, அங்கே ‘சர்வீஸ்’ என்ற பெயரில் இருந்த இரண்டாவது கணக்கை அழித்தார். நான் மட்டும் இருந்திருந்தால் அந்த இரண்டாவதைத் தேடியிருக்கவே மாட்டேன். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தார். ரௌட்டரைத் திறந்து, வெளியிலிருந்து நேரே பெட்டிக்கு வர வழி ஏதும் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தானாக வழி திறந்துவிடும் வசதியை அணைத்தார். கேமராவுக்கென்று தனி வைஃபைப் பெயர் ஒன்று வைத்தார். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னார். மாட்ட வந்தவனிடம் அதைக் கொடுத்தோமே, அது நினைவே இல்லை. கடைசியில் என் கைபேசியில், என் மின்னஞ்சலில் புதிய கணக்கு, கூடவே இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீட்டையும் கேட்கும். இப்போது உரிமையாளர் நான், விருந்தாளி என் கணவர். 2025 ஏப்ரல் முதல் கேமராக்கள் மத்திய மின்னணு அமைச்சகத்தின் பாதுகாப்புச் சோதனையில் தேறித்தான் விற்பனைக்கு வரவேண்டும் என்று விதி வந்திருக்கிறது; நான் வாங்கியது அதற்கு மூன்று மாதம் முன்பு. புதிதாக வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் எவ்வளவு தேறிய கேமராவாக இருந்தாலும், அதை அடுத்தவர் கணக்கில் சேர்த்துவிட்டால் அந்தச் சோதனை உங்களைக் காப்பாற்றாது.

கணவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “அப்போது அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது, வேறு கேமரா வாங்கிவிடலாமா?” என்று. எனக்கு ஹாலில் இனி எதுவும் வேண்டாம். அவருக்கு அங்கிருந்து ஒருமுறை அம்மா முகத்தைப் பார்த்தால்தான் தூக்கம். இந்த வாக்குவாதம் ஒரு வாரம் நடந்தது. நடுவில் அத்தை, கீரை ஆய்ந்துகொண்டே, “மாட்டும்போது என்னை யாரும் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை” என்றார். இருவரும் வாயடைத்துப்போனோம். கல்கத்தாவில் ஒரே வீட்டில் வாழும் அண்ணன் தம்பிக்குள் இதே வழக்கு நடந்து, உடன் வசிப்பவர் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. நீதிமன்றம் வரை போகவேண்டாம், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, “விழுந்தால் கூப்பிட ஏதாவது கொடு” என்றார். 450 ரூபாய்க்கு ஒயர் இல்லாத அழைப்பு மணி வாங்கினோம். பொத்தான் அத்தையின் கழுத்துக் கயிற்றில், மணி பக்கத்து வீட்டுச் சமையலறையில். மகனுக்கு இரவு எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு. எதிர்வீட்டுப் பெரியம்மாவும் இதைக் கேள்விப்பட்டு வந்து, எங்கள் வாசல் கேமராவில் அவர்கள் திண்ணை தெரிகிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தெரிந்தது. அந்தப் பகுதியை மட்டும் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி பெட்டியிலேயே இருக்கிறது. அவர் முன்னாலேயே மறைத்தேன்.

நஷ்டக் கணக்கு இது. வீணாய்ப்போன ஹால் கேமரா 2,600, சரிசெய்தவருக்கு 1,500, சம்பளமில்லாத விடுப்பு இரண்டு நாள் 1,800. மொத்தம் 5,900. பில் இல்லாமல் மிச்சம் பிடித்தது 3,888.

அந்தக் கணக்கைப் போடப் பையைக் கொட்டியபோதுதான் கசங்கிய உணவக பில் கிடைத்தது. சாப்பாடு 3,260. அதன் கீழே சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 326. இரண்டும் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 179.30. ஆக 3,765. நான் வைத்தது நாலாயிரம். மீதி 235-ஐ வாங்காமல் ஓடிவந்ததால் அது டிப்ஸ். நாத்தனாரின் கணவர் சொன்னது சரி, நாத்தனார் ஆசைப்பட்டதும் நடந்துவிட்டது, இரண்டுக்கும் பணம் என்னுடையது. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, கொடுப்பது வாடிக்கையாளர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி வழிகாட்டுதல் கொண்டுவந்தது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதையெல்லாம் அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

முன்பாக இருந்தால் விட்டிருப்பேன். கேட்காமல் விட்டதன் சூடு இன்னும் ஆறாததால், அடுத்த நாள் மதிய இடைவேளையில் நடந்தே போனேன். மேலாளரிடம் பில்லைக் காட்டி, நான் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை, இதை எடுத்துவிடுங்கள் என்றேன். ‘சிஸ்டத்தில் தானாக வருகிறது மேடம்’ என்றார். 1915-க்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். சண்டைக் குரலில் இல்லை, நேரம் கேட்பதுபோல. அது தேசிய நுகர்வோர் உதவி எண். கல்லாவில் இருந்து 340 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். 326-க்கு மேல் வாங்கிய ஜிஎஸ்டி 16.30 சேர்த்தால் 342.30, இரண்டு ரூபாய்ச் சில்லறை இல்லை என்றார், அதையும் விட்டேன். அன்றைக்கு எங்களுக்குப் பரிமாறிய பையன் ஓரத்தில் தண்ணீர் டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பத்து சதவீதத்தில் உனக்கு என்ன வரும் என்று வெளியே வரும்போது கேட்டேன். “அது எங்கள் கைக்கு வராது அக்கா. நீங்கள் உறையில் வைத்ததுதான் வந்தது” என்றான்.

ஆகவே நான் இப்போது செய்வது இது. உட்காரும்போதே, பில் வருவதற்கு முன்பே, சர்வீஸ் சார்ஜ் உண்டா என்று கேட்டுவிடுகிறேன். வெளியூர்க்காரர் குவியும் வார இறுதியில் கட்டாயம். உண்டென்றால் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன், பில் அடித்த பிறகு மாற்றச் சொன்னால்தான் எல்லாருக்கும் சங்கடம். பரிமாறியவருக்குக் கொடுப்பதைக் கையில் கொடுக்கிறேன். கடலூரில் டிபன் கடையில் பத்து ரூபாய், ஏசி அறையில் முப்பது நாற்பது, புதுச்சேரியில் குடும்பமாகப் போனால் பில்லில் இருபதில் ஒரு பங்கு. எல்லாரும் கைபேசியில் பணம் செலுத்த ஆரம்பித்த பிறகு டிப்ஸ் பாதியாகிவிட்டது என்று அந்தப் பையன் சொன்னதால், பையில் பத்து ரூபாய்த் தாள்களைத் தனியாக வைத்திருக்கிறேன். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் டீ செலவுக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்த பிறகு கொடுக்கிறேன், அவ்வளவுதான் மாற்றம்.

ஹாலில் பரணுக்குக் கீழே இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. அவற்றைப் பார்க்கவே பிடிக்காமல் ஒரு நாள் அந்த இடத்தில் தினசரிக் காலண்டரை மாட்டினேன். மறுநாள் அலுவலகத்தில் இருக்கும்போது அத்தையிடமிருந்து அழைப்பு. பதறிக்கொண்டு எடுத்தேன். “ராசிபலன் பார்க்கக் கழுத்து வலிக்கிறது. வந்ததும் அதைக் கீழே இறக்கி மாட்டு” என்றார்.